“நான் டாக்டர் இல்லையே, பாலியல் நலம் பற்றிப் பேசலாமா?”

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வயது 33. சமூகப் பணியில் முதுகலைப் பட்டம். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஏழு ஆண்டுகளாக ஒப்பந்த ஆலோசகர். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் முன்னும் பின்னும் பேசுவதுதான் வேலை. கணவர் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிக்காமல், எல்லோருக்குமான பாலியல் நலக் கல்வியாளர், ஆலோசகர் என்று சொந்தமாகத் தொழில் தொடங்கலாமா என்பது கேள்வி. இரண்டு சம்பவங்கள் அவரை இந்த முடிவுக்குத் தள்ளியிருக்கின்றன. காது கேளாத இளம் தம்பதி ஒருமுறை பரிசோதனைக்கு வந்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மாதான் சைகையைப் பேச்சாக்கிச் சொன்னார். பெண் ஏதோ நீளமாகக் கேட்க, அம்மா திரும்பி, “ஒண்ணுமில்ல மேடம், ரிசல்ட் எப்ப வரும்னு கேக்குறா” என்று முடித்துவிட்டார். இன்னொரு நாள் ஒரு திருநம்பி (பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர்) மகளிர் ஓ.பி. வரிசையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார்.

“டாக்டருக்குப் படிக்காம இதெல்லாம் பேசினா கேஸ் போட்டுருவாங்க” என்கிறார் கணவர். மாமியாருக்குப் பேத்தியைப் பற்றிய கவலை. மூன்று மாத ஆன்லைன் படிப்பு ஒன்று 48,000 ரூபாய்க்கு ‘சர்டிஃபைடு செக்ஸாலஜிஸ்ட்’ பட்டம் தருவதாகச் சொல்கிறது. யூடியூப் சேனல் ஆரம்பித்தால் விளம்பரம் தருவதாக ஒரு லேகிய கம்பெனி பேசியிருக்கிறது. சமீபத்தில் ஒரு பள்ளியில் வகுப்பெடுக்கப் போனபோது, “பீரியட்ஸ், சுத்தம், அதோட நிறுத்திக்கோங்க” என்று தலைமையாசிரியர் சொல்லி அனுப்பினாராம்.

நான்காம் பக்கத்தில், போகிற போக்கில் சொல்வதுபோல இரண்டு வரி. அந்த வகுப்பு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தனியாக வந்து, டியூஷன் எடுக்கும் உறவினர் தன்னிடம் தப்பாக நடந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். “யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். அதிலிருந்து சரியாகத் தூங்கவில்லை” என்கிறார் வாசகி.

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த இரண்டு வரி, பதில் வெளியாகும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் கடிதம் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் பிடித்தேன். மறுநாளே நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். இதே நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிற ஆசிரியைகளும் செவிலியர்களும் படிப்பார்கள் என்பதால் அந்த விவரத்தை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

கொடுக்கக் கூடாத வாக்கு

18 வயது நிரம்பாத ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தாலோ, நடக்கப்போகிறது என்று அஞ்ச இடமிருந்தாலோ, அதைக் காவல்துறையிடம் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி கட்டாயம். டாக்டர், ஆலோசகர், பக்கத்து வீட்டுக்காரர் என்ற வித்தியாசம் அங்கே இல்லை. தெரிவிக்காமல் விட்டால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆலோசகரின் ரகசியக் காப்பு இந்தக் கடமையிலிருந்து உங்களை விடுவிக்காது.

‘ஆதாரம் இல்லாமல் எப்படிப் புகார் கொடுப்பது?’ என்று போனில் கேட்டீர்கள். பலரும் தயங்குவது இங்கேதான். நடந்ததா இல்லையா என்று விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. விசாரிக்கவும் கூடாது. திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டால் குழந்தையின் சொற்கள் கலைந்துபோகும், பிறகு வழக்கே தளர்ந்துவிடும். அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். பிறகு 1098க்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் கொடுங்கள். நல்லெண்ணத்தோடு கொடுத்த தகவலுக்காக உங்கள்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. அதுவும் அதே 19ஆம் பிரிவில்தான் இருக்கிறது. தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறை குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாக்குமூலம் வாங்க வருகிறவர் சீருடையில் வரக்கூடாது. குழந்தையின் வீட்டிலோ அவளுக்கு வசதியான இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும்.

அந்தச் சத்தியம்? அவளிடம் திரும்பப் போய், “நீ சொன்னதை நான் நம்புறேன். ஆனா இதை நான் மட்டும் வச்சுக்கிட்டா உன்னைக் காப்பாத்த முடியாது. யார் யார்கிட்ட சொல்லப்போறேன்னு உனக்கு முன்னாடியே சொல்லிடறேன்” என்று பேசச் சொன்னேன். பேசினீர்கள். இனி எந்த வகுப்பானாலும் முதல் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுங்கள்: “நீங்க சொல்றதை நான் வெளியே சொல்ல மாட்டேன். ஆனா யாராவது உங்களுக்குக் கெடுதல் செய்றது தெரிஞ்சா, உதவி செய்றவங்ககிட்ட சொல்லியே ஆகணும்.” பிள்ளைகள் இதைக் கேட்டு வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். எல்லை எது என்று தெரிந்த பிறகுதான் பலர் பேசவே வருகிறார்கள்.

எந்த வாக்கைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, எந்தக் கட்டத்தில் ஆளை வேறொருவரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் நீங்கள் ஆசைப்படும் தொழிலில் முக்கால்வாசி. மீதிக் கேள்விகளுக்கும் இதை வைத்துத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

டாக்டர் ஆக வேண்டியதில்லை

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. கல்வி கொடுப்பதற்கும் ஆலோசனை சொல்வதற்கும் மருத்துவப் பட்டம் தேவையில்லை. நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவதற்குத்தான் அது தேவை. பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் ஓராண்டுவரை சிறை, ஐந்து லட்சம்வரை அபராதம். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று போட்டுக்கொள்ள இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். உங்களிடம் அது இல்லை, அந்தச் சொல் உங்களுக்குத் தேவையும் இல்லை.

உங்களுக்குத் தெரியாத ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் சுகாதாரக் கல்வியாளர், எச்.ஐ.வி. ஆலோசகர், குடும்ப நல ஆலோசகர், மருத்துவச் சமூகப் பணியாளர் எல்லோரும் தொழில்முறையாளர்களாக இடம்பெற்றிருக்கிறார்கள். மாநிலக் கவுன்சிலின் பதிவு அறிவிப்பைக் கவனித்துக்கொண்டே இருங்கள். பட்டச் சான்றிதழையும் ஏழு ஆண்டு அனுபவச் சான்றிதழையும் இப்போதே கையில் வாங்கி வையுங்கள். வேலையை விட்ட பிறகு அனுபவச் சான்றிதழுக்கு அலைவது எப்படி இருக்கும் என்று உங்கள் அலுவலகத்திலேயே பார்த்திருப்பீர்கள்.

எங்கே நிறுத்திக்கொள்வது என்பதற்கு ஜாக் அன்னன் என்ற உளவியலாளர் 1970களில் ஒரு படிநிலை வகுத்தார். பிளிசிட் என்பார்கள். முதல் படி, இதைப் பற்றிப் பேசலாம் என்ற அனுமதியைக் கொடுப்பது. இரண்டாவது, அந்தப் பிரச்சினைக்குத் தேவையான அளவுக்குச் சரியான தகவல். மூன்றாவது, அந்த ஆளுக்கென்று குறிப்பான யோசனை. நான்காவது, தீவிர சிகிச்சை. முதல் இரண்டும் உங்களுடையவை. மூன்றாவதை நல்ல பயிற்சிக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம். நான்காவதுக்கு வழியனுப்பி வைப்பதோடு சரி. வருகிறவர்களில் கணிசமானவர்களுக்கு முதல் படியே போதும் என்பதை நம்பிக்கை மையத்தில் இருந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “இது எல்லாருக்கும் வர்ற சந்தேகம்தான்” என்று ஒருவர் சொன்னதும் எதிரில் இருப்பவரின் தோள் எப்படித் தளரும் என்று பார்த்தவர் நீங்கள்.

எதில் ஏமாந்துபோவீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 48 வயது ஆண் வந்து, விறைப்பு சரியாக இல்லை, மனக்கவலையாக இருக்கும் என்பார். நீங்களும் ஆலோசகர் என்பதால் மனசையே பிடித்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் சர்க்கரை நோயும் இதய ரத்தக்குழாய் அடைப்பும் சில சமயம் முதலில் தலைகாட்டுவது அங்கேதான். ரத்தப் பரிசோதனையும் பிரஷரும் பார்க்காமல் அவரோடு நான்கு வாரம் பேசிக்கொண்டிருந்தால் அது ஆபத்து. உறவின்போது வலிக்கிறது என்று வரும் பெண்ணிடம் “ரிலாக்ஸா இருங்க” என்று சொல்லி அனுப்புவதும் அப்படித்தான். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம், தொற்று இருக்கலாம், தோல் நோய் இருக்கலாம், மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சியாகவும் இருக்கலாம். ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு சிறுநீரகவியல் மருத்துவர், ஒரு பால்வினை நோய் மருத்துவர், ஒரு மனநல மருத்துவர், ஒரு வக்கீல் என்று இந்த ஐந்து பேரையும் நேரில் போய்ப் பார்த்துப் பேசிவிட்டு அப்புறம் போர்டு மாட்டுங்கள். நீங்கள் அனுப்பும் திருநம்பியை உட்காரவைத்துப் பெயர் கேட்டுப் பேசுகிறவர்களா என்று தெரிந்துகொள்ளத்தான் நேரில் போகச் சொல்கிறேன்.

அந்த 48,000 ரூபாய்

வேண்டாம். நம் நாட்டில் ‘செக்ஸாலஜிஸ்ட்’ என்று போர்டு போடுகிறவர் மருத்துவராக இருக்க வேண்டும் என்றுதான் மக்கள் எதிர்பார்ப்பார்கள், போலீசும் எதிர்பார்க்கும். மூன்று மாதச் சான்றிதழைக் காட்டி அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டால் கணவர் பயப்படும் கேஸ் நிஜமாகவே வரும்.

படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. டெல்லியின் தார்ஷி 1996இலிருந்து பாலியல் நலத் துறையில் இருக்கிற அமைப்பு. பயிற்சிகளும் நடத்துகிறது. பெங்களூரின் என்ஃபோல்டு அமைப்பு குழந்தைப் பாதுகாப்பு, பாலியல் கல்வி இரண்டிலும் அனுபவம் உள்ளது. சென்னையின் துளிர், குழந்தைகள் மீதான பாலியல் வன்முறைத் தடுப்பில் வேலை செய்கிறது. 1949இல் தொடங்கிய இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கமும் இருக்கிறது. பாடத்திட்டத்துக்கு யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதிலிருந்து எந்த வயதுக்கு எது என்று பிரித்துக் கொடுத்திருக்கிறது, இணையத்தில் இலவசம். அமெரிக்கப் பாலியல் கல்வியாளர், ஆலோசகர் சங்கமான ஆசெக்ட் தரும் சான்றிதழ் மதிப்புள்ளதுதான். ஆனால் உங்கள் ஊர்ப் பள்ளித் தாளாளர் அதைக் கேட்கப்போவதில்லை. அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பணம் செலவழித்தே ஆக வேண்டும் என்றால் இரண்டில் செலவழியுங்கள். ஒன்று, இந்திய சைகை மொழியில் அடிப்படை வகுப்பு. இன்னொன்று, மாதம் ஒருமுறை உங்கள் கேஸ்களைக் கேட்டுக் கருத்துச் சொல்லும் மூத்த ஆலோசகர் ஒருவருக்கான கட்டணம். தனியாகத் தொழில் செய்கிறவர்கள் தடம் மாறுவது பெரும்பாலும் கேட்க ஆள் இல்லாததால்தான்.

எல்லோருக்கும் என்றால் யார் யாருக்கு?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்தக் காது கேளாத தம்பதி. அங்கே என்ன செய்திருக்கலாம் என்று பார்ப்போம். குடும்பத்தார் மொழிபெயர்க்கிற அறையில் ரகசியம் என்பதே கிடையாது. குடும்பம் சாராத மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர் ஆணாக இருக்கலாமா, பெண்தான் வேண்டுமா என்று அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும். ஆள் கிடைக்காத நாளில்? அந்தப் பெண்ணுக்கு எழுத்து வந்தால் நோட்டில் எழுதிப் பேசலாம். வீடியோ அழைப்பில் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டுவரலாம். ஒன்றுமே முடியாவிட்டால், அம்மாவைப் படிவம் நிரப்ப அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுப் படங்களை வைத்துத் தொடங்கலாம். இன்னொன்று, உடலுறுப்புகளுக்கும் உறவுக்குமான சைகைகள் மொழிபெயர்ப்பாளருக்கே கூச்சமாக இருக்கும். எதை எப்படிக் காட்டுவது என்று அமர்வுக்கு முன்பே அவரோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

பார்வையற்றவருக்கு ஆணுறை பற்றிச் சொல்லும்போது வாயால் விவரிப்பது போதாது. மாதிரியைக் கையில் கொடுத்து, உறையின் எந்தப் பக்கம் வெளிப்பக்கம் என்று விரலால் தடவித் தெரிந்துகொள்ள நேரம் கொடுக்க வேண்டும். பாக்கெட்டில் காலாவதித் தேதியை அவரால் படிக்க முடியாது. அதற்கு என்ன வழி என்று அவரிடமே கேளுங்கள், உங்களைவிட நல்ல யோசனை வரும்.

அறிவுசார் குறைபாடு உள்ள பெண் பிள்ளைகளின் பெற்றோர் வந்தால், சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “கர்ப்பப்பையை எடுத்துடலாமா மேடம்?” கோபப்படாதீர்கள். பயத்தில் கேட்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 10ஆம் பிரிவு, அவரவரின் சுதந்திரமான, விவரம் தெரிந்த ஒப்புதல் இல்லாமல் கருத்தரிக்க முடியாமல் செய்யும் எந்தச் சிகிச்சையையும் தடுக்கிறது. அதைச் சொல்லுங்கள். கர்ப்பப்பையை எடுப்பது மாதவிடாயையும் கர்ப்பத்தையும் தடுக்குமே தவிர யாரும் தொடுவதைத் தடுக்காது என்பதையும் சொல்லுங்கள். பிறகு அந்தப் பிள்ளைக்கு நாப்கின் மாற்றவும், ‘வேண்டாம்’ சொல்லவும், எந்த இடத்தில் உடை மாற்றலாம் என்று தெரிந்துகொள்ளவும் படங்கள் வைத்துச் சொல்லிக்கொடுங்கள். ஒரே பாடத்தைப் பல வாரம் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் இன்னொரு கூட்டம். விபத்துக்குப் பிறகு எழுந்து உட்காரவும் நடக்கவும் பயிற்சி கிடைக்கிறது. மனைவியோடு இனி எப்படி என்ற கேள்விக்குப் பல இடங்களில் பதில் சொல்ல ஆளில்லை. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியில், வேலூர் சி.எம்.சி.யில் மறுவாழ்வு மையம் 1966இலேயே வந்துவிட்டது. உங்கள் பக்கத்தில் தென்காசி ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981இலிருந்து இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய், “பாலியல் நலம் பற்றி ஒரு அமர்வு எடுக்கட்டுமா?” என்று கேளுங்கள். மாடிப்படி ஏறிப் போகிற அறையை மட்டும் உங்கள் ஆபீஸுக்குப் பிடித்துவிடாதீர்கள்.

திரும்பிப் போன அந்தத் திருநம்பிக்கு வருவோம். கருப்பை வாய் இருக்கிற எவருக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேவை, மீசை வளர்ந்திருந்தாலும் தேவை. பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட திருநங்கைக்குப் புராஸ்டேட் பொதுவாக அப்படியேதான் இருக்கும். இந்த இரண்டையும் தெரிந்துவைத்திருந்தாலே பல மருத்துவமனை வரிசைகளைவிட நீங்கள் முன்னால் நிற்பீர்கள். படிவத்தில் ‘ஆண்/பெண்’ என்று இரண்டே கட்டம் போடாமல், எப்படிக் கூப்பிடட்டும் என்று கேட்டு எழுதுங்கள். “என் பையன் இன்னொரு பையனை விரும்புறான், மாத்திக் கொடுங்க” என்று வரும் பெற்றோரிடம், மாற்றும் சிகிச்சை என்று ஒன்று கிடையாது என்று நேராகச் சொல்லுங்கள். ஒரு பெண் இணையர் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த சுஷ்மா வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அப்படி மாற்ற முயல்வதைத் தடை செய்யச் சொன்னது. அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஓர் உளவியலாளரிடம் போய்க் கற்றுக்கொண்ட பிறகுதான் தீர்ப்பெழுதினார். தயங்குகிற பெற்றோரிடம் இந்தக் கதை நன்றாக வேலை செய்யும்.

போர்டில் எல்லாப் பிரிவையும் பட்டியல் போட்டால் பள்ளிகள் கூப்பிடாதே என்று கேட்டிருக்கிறீர்கள். போர்டு சின்னதாக இருக்கட்டும். வருகிறவர் உங்கள் அறையில் எப்படி நடத்தப்படுகிறார் என்பது ஊருக்குள் தானாகப் பரவும். ஆனால் யாராவது நேரடியாக, “திருநங்கைகளுக்கும் பாக்குறீங்களா?” என்று கேட்டால் மழுப்பாமல் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

தலைமையாசிரியரும் துண்டுச் சீட்டும்

அந்தத் தலைமையாசிரியரை வில்லனாக்க வேண்டாம். மறுநாள் காலை பெற்றோர் கேட்டில் நின்று சத்தம் போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அடுத்த முறை வகுப்புக்கு முன்பே பெற்றோர் கூட்டத்தில் கால் மணி நேரம் கேளுங்கள். எதைப் பேசப்போகிறீர்கள், எதைப் பேச மாட்டீர்கள் என்று ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுங்கள். பள்ளியின் எழுத்துப்பூர்வ அழைப்பை வாங்குங்கள். வகுப்பில் ஓர் ஆசிரியை உடனிருக்கட்டும். பாலியல் கல்வி கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை என்று யுனெஸ்கோ வழிகாட்டியே சொல்கிறது. நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன போக்சோ வழக்கு ஒன்றில், 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இந்தத் தவறான எண்ணத்தைக் குறிப்பிட்டு, முழுமையான பாலியல் கல்வி தேவை என்றது. இந்த இரண்டையும் அந்த ஒரு பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

மாணவர்களிடம் பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போட ஒரு டப்பா வையுங்கள். எல்லோரும் ஏதாவது எழுதியே போட வேண்டும், கேள்வி இல்லாதவர்கள் ‘இல்லை’ என்று எழுதட்டும். இல்லாவிட்டால் யார் எழுதுகிறார்கள் என்று பக்கத்து பெஞ்ச் எட்டிப் பார்க்கும். “என் கிளாஸ்ல எனக்கு மட்டும் மீசை வரல, ஏதாவது நோயா?” என்கிற சீட்டுதான் பெரும்பாலும் முதலில் வரும். கல்லூரிக்குப் போனால் நரம்புத் தளர்ச்சி, விந்து விரயம். அந்தப் பயத்துக்கு டாக்டர் என்.என். விக் 1960இலேயே ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்துவிட்டார். சீட்டு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. கல்லூரிகளில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கம் ஏற்கெனவே இருப்பதால், பள்ளியைவிட அங்கே நுழைவது உங்களுக்குச் சுலபம்.

லேகியம்

கண்டிப்பாக வேண்டாம். பாலியல் திறனைக் கூட்டும் என்று மருந்து விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம், விளம்பரத்தில் பங்கெடுப்பவருக்கும் சேர்த்து. ஊர் ஊராக லாட்ஜில் ரூம் போட்டு, பேப்பரில் தேதி கொடுத்து, பயந்த பையன்களிடம் பணம் கறக்கிறவர்கள் கூட்டத்தில் உங்கள் முகமும் சேர்ந்துவிடும். அப்புறம் எந்தப் பள்ளி கேட்டும் திறக்காது.

வீட்டில்

மாமியாரின் கவலையை அலட்சியம் செய்யாதீர்கள். “அந்த மாதிரி டீச்சரோட பொண்ணு” என்று யாராவது சொல்லக்கூடும். மகளிடம் முன்கூட்டியே, “அம்மா உடம்பைப் பத்தியும் பாதுகாப்பைப் பத்தியும் சொல்லிக்கொடுக்கிற டீச்சர்” என்று அவள் திருப்பிச் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் கொடுத்து வையுங்கள். தொழிலுக்குத் தனி போன் எண் வேண்டும். வீட்டில் வைத்து ஆலோசனை வேண்டாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் பதில் கிடையாது. ஆபாசப் படம் அனுப்புகிற ஆண்கள் நிச்சயம் வருவார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள். தொடர்ந்தால் சைபர் கிரைம் புகார். கணவரையும் மாமியாரையும் ஒருமுறை உங்கள் வகுப்பில் பின் பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பற்றியே ஒன்று. அந்தக் காது கேளாத தம்பதியின் ஊரையும் அவர்கள் பார்க்கும் வேலையையும் எழுதியிருந்தீர்கள். நான் வெட்டிவிட்டேன். எச்.ஐ.வி. தொடர்பாக ஒருவரைப் பற்றித் தெரியவந்ததை, அவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. யூடியூபில் “எங்கிட்ட வந்த ஒரு கேஸ்” என்று தொடங்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள். மையத்தின் பதிவேட்டிலிருந்து ஒரு போன் நம்பரைக்கூட உங்கள் தொழிலுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மார்ச் 31

ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிடுங்கள். இந்த வேலையில் முதல் வருடம் மாதச் சம்பளம் போலப் பணம் வராது. அரசுப் பள்ளியில் பஸ் காசு கிடைத்தாலே பெரிது. பணம் வருகிற இடங்கள் வேறு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்கள் 2013ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டப்படி, புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். அதில் வெளி உறுப்பினர் ஒருவரும் வேண்டும், பணியாளர்களுக்குப் பயிற்சியும் நடத்த வேண்டும். சமூகப் பணி அனுபவம் உள்ள உங்களைப் போன்றவர்களைத்தான் தேடுவார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் மில்களும் கம்பெனிகளும் மருத்துவமனைகளும் இருக்கின்றன. போக்சோ வழக்குகளில் குழந்தைக்குத் துணை நிற்கும் ஆதரவு நபராகக் குழந்தைகள் நலக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். தொண்டு நிறுவனங்களுக்குப் பாடத்திட்டம் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். நல்ல தமிழில், மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்ற மாதிரி எழுதத் தெரிந்தவர்கள் குறைவு.

ஒப்பந்த விதிகளில் வெளி வேலை பற்றி என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அனுமதி தேவை என்றால் எழுத்தில் கேளுங்கள். சனி, ஞாயிறில் இரண்டு இடங்களில் தொடங்குங்கள், ஒன்று செஞ்சுருள் சங்கம் இருக்கிற கல்லூரி, இன்னொன்று மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு. கட்டணத்துக்கு ரசீது போடுங்கள். நிறுவனங்கள் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தால் உங்கள் வரிக் கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். ஆறு மாத வீட்டுச் செலவு தனியாகச் சேர்ந்து, முன்பு சொன்ன நான்கு மருத்துவர்கள், வக்கீல் என்ற ஐந்து பேரில் மூன்று பேராவது உங்களிடம் ஆட்களைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்ததும் ராஜினாமா எழுதுங்கள். அடுத்த மார்ச்சுக்குள் அது நடக்காவிட்டால் இன்னொரு முறையும் புதுப்பித்துக்கொள்ளலாம், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.